நிற்கத் தெரிந்தது

கைப்பழக்கத்தில் பேராசிரியர் தில்லைநாயகி ஸ்பிரிட் தொட்டுத் துடைத்ததில், இரண்டு கண்ணாடித் தட்டுகளின் மூடியிலும் எழுதியிருந்த பெயர்கள் அழிந்துபோயின. ஒன்றில் அவருடைய கருப்பையிலிருந்து வெட்டியெடுத்த புற்றுக்கட்டியின் செல்கள். மற்றதில் ஆய்வு மாணவி ரெபேக்காவின் பிரசவத்தில் விழுந்த நஞ்சுக்கொடியின் செல்கள். இரண்டையும் கருப்பைத் திசுவின் மேல் வளரவிட்டிருந்தார்கள்.

"எது யாருதுன்னு தெரியலையே மேடம்," என்றாள் ரெபேக்கா.

தில்லைநாயகி நுண்ணோக்கியில் குனிந்தார். ஆயுசு முழுக்கச் செல்களையே பார்த்த கண்ணுக்கும் பிடிபடவில்லை. இரண்டும் ஒரே வெறியோடு விரல் நீட்டித் திசுவைத் தோண்டிக்கொண்டிருந்தன.

"காத்திருப்போம். ஒண்ணு நிக்கும். அதான் நஞ்சுக்கொடி."

ஞாயிற்றுக்கிழமை வந்து பார்த்தபோது ஒன்று நின்றிருந்தது. வேலியும் இல்லை, காவலும் இல்லை. இதற்கு மேல் போனால் தாய் தாங்கமாட்டாள் என்று தெரிந்ததுபோல அந்த இடத்தில் அப்படியே நின்றிருந்தது. வகுப்பில் எத்தனையோ முறை சொன்னதுதான். ஆனாலும் அவருக்கு உடம்பு சிலிர்த்தது.

"இத யாரு மேடம் நிக்கச் சொன்னது?"

தில்லைநாயகி தன்னுடைய தட்டை நுண்ணோக்கியின் கீழ் வைத்தார். அது இன்னும் தோண்டிக்கொண்டிருந்தது. நெடுநேரம் பார்த்தார். கோபமே வரவில்லை.

"பாவம்," என்றார். "இதுக்கு யாரும் சொல்லல."