ரத்தினம் பேருக்கு நேரே

"நான் செத்துப்போயிட்டேன்னு எழுதுனது எவ? அவளை இங்கன வரச்சொல்லுங்க!"

மைக்கைப் பிடுங்காத குறையாக ரத்தினம் கத்தினாள். கல்யாண மண்டபமே திரும்பிப் பார்த்தது.

தென்காசியில் அன்றைக்குக் கருத்துக் கேட்புக் கூட்டம். வீடு வீடாகப் போய்க் கணக்கெடுத்த குடும்ப விவரங்களை யார் யார் பார்க்கலாம், தப்பு இருந்தால் எப்படித் திருத்துவது என்று ஜனங்களிடம் கேட்டு விதி போடப் போகிறார்களாம். படித்தவர்கள் ஆளாளுக்கு நீட்டி முழக்கிக்கொண்டிருந்தார்கள். ரத்தினத்துக்கு அதற்கெல்லாம் எங்கே பொறுமை? ரெண்டு மாதமாக ரேஷன் கடை மிஷினில் விரலை வைத்தால் பேரே இல்லை என்கிறது. விசாரித்தால், கணக்கெடுப்பில் அவள் பேருக்கு நேரே 'இறப்பு' என்று போட்டிருக்கிறதாம். வயிறு எரியாதா?

"கண் ஆபரேஷனுக்குப் பெரியாஸ்பத்திரிக்குப் போனா, காப்பீட்டுக் கார்டுல நீ இல்லைங்காவ. உசுரோட நிக்கேன், தெரியுதா சார்?"

பக்கத்தில் நின்ற மகன் அருண்பாண்டி மைக்கை வாங்கினான்.

"எங்கம்மா சீசன் மூணு மாசமும் குத்தாலத்துல லாட்ஜ்லயே தங்கி பெட்ஷீட் வெளுக்காவ சார். நாங்க இருக்க வீடே அவிய துணி வெளுத்துக் கட்டினதுதான். நாங்களும் வேலைக்குப் போயிருவோம். கணக்கெடுக்க வந்தவ பூட்டின வீட்டைப் பாத்துட்டு, இஷ்டத்துக்கு எழுதிட்டுப் போயிட்டா. இவளையெல்லாம் வேலையை விட்டுத் தூக்கணும்!"

கைதட்டல் மண்டபத்தைத் தூக்கியது. நமக்காகக் கேட்க ஒரு ஆள் இருக்கே என்று ரத்தினத்துக்கு மனசு நிறைந்துபோனது. மகன் தோளைப் பிடித்துக்கொண்டாள்.

"அந்தத் தெருவுக்குப் போனது யாரு?" என்றார் அதிகாரி.

கடைசி வரிசையிலிருந்து உமா மகேஸ்வரி எழுந்து வந்தாள். கணக்கெடுக்கத் தற்காலிகமாக வேலைக்கு எடுத்த பெண். கழுத்தில் அடையாள அட்டை தொங்கியது. ரத்தினத்தைப் பார்த்ததும் அவள் முகம் செத்துப்போனது.

"இவங்க இறந்துட்டதா உங்கிட்ட யாரும்மா சொன்னது?"

உமா வாயைத் திறந்தாள். அம்மாவையும் மகனையும் ஒரு தடவை பார்த்தாள்.

"யாரும் சொல்லலை சார். வீடு பூட்டிக் கிடந்துச்சு. நானாத்தான் எழுதிட்டேன்."

"நானாவா? உயிரோட இருக்கிற மனுஷியைச் சாகடிச்சுட்டு, நானாங்கிற? அட்டையைக் கழட்டு. நாளையில இருந்து வர வேண்டாம்."

உமா அட்டையைக் கழற்றி மேஜையில் வைத்தாள்.

"பாவம், புருசன் படுத்த படுக்கை. இவ சம்பளத்துலதான் அடுப்பெரியுது" என்று பின்னால் யாரோ முணுமுணுத்தார்கள்.

"பாவம் பாத்தா என் வயிறு நிறையுமாக்கும்!" என்று ரத்தினம் திரும்பி வெடுக்கென்று சொன்னாள்.

"ஒரு வாரத்துல உங்க பேரைச் சேர்த்துருவோம்மா. போயிட்டு வாங்க" என்றார் அதிகாரி.

"அப்படியெல்லாம் போக மாட்டேன் சார். அவ எழுதின தாளை நான் பாக்கணும். அவியவிய தாளை அவியவிய பாக்கலாம்னு இப்பத்தான மைக்குல சொன்னிய?"

"அதெதுக்கும்மா? நேரமாகுது, வா போவோம்" என்றான் அருண்பாண்டி.

"ஏலே, சும்மா இரு. என் உசுரை அவ எப்படி எழுதிருக்கான்னு நான் பாக்காண்டாமா?"

உமா ஓடி வந்து ரத்தினத்தின் கையைப் பிடித்தாள். "வேண்டாம் ஆச்சி. அதான் பேரைச் சேக்கப் போறாவல்லா? அந்தத் தாளைப் பாத்து என்ன ஆகப்போவுது? விட்ருங்க."

"கையை விடுட்டி! உன் லட்சணம் வெளிய வந்துருமேன்னு பயமா இருக்கோ?"

மண்டபம் சிரித்தது. உமா கையை விட்டுவிட்டாள்.

குமாஸ்தா ஒருவர் கட்டைப் பிரித்துத் தேடித் தாளைக் கொண்டுவந்தார். ரத்தினம் அஞ்சாங்கிளாஸ் வரை படித்தவள். கண்ணில் புரை வேறு. தாளை மூக்கருகே வைத்துக்கொண்டு எழுத்துக் கூட்டினாள்.

ரத்தினம். இறப்பு. வீடு, மகன் பேருக்கு மாற்ற வேண்டும்.

கீழே கடைசி வரி. தகவல் தந்தவர், அருண்பாண்டி. உறவு, மகன்.

அதற்குப் பக்கத்தில் கையெழுத்து. அவன் பள்ளிக்கூடத்தில் படிக்கும்போது முதல்முதலாகப் போட்டுக் காட்டியதைத் தெருவெல்லாம் கொண்டுபோய்க் காட்டினாளே, அதே கையெழுத்து.

இன்னொரு தடவை படித்தாள். எழுத்து மாறவில்லை.

நிமிர்ந்தபோது பக்கத்தில் அருண்பாண்டி இல்லை. வெளியே அவன் பைக் கிளம்புகிற சத்தம் கேட்டது. உமா மட்டும் தலையைக் குனிந்துகொண்டு அங்கேயே நின்றாள்.

"என்னம்மா, பாத்துட்டீங்களா? இந்தப் பொண்ணு மேல புகார் எழுதிக் குடுக்கிறீங்களா?" என்றார் அதிகாரி.

ரத்தினம் மேஜையில் கிடந்த அட்டையை எடுத்தாள். அதை உமாவின் கழுத்திலேயே மாட்டிவிட்டாள்.

"இந்தப் பிள்ளை தப்பா ஒண்ணும் எழுதலை சார். எங்க வீட்டுல கேட்டுத்தான் எழுதிருக்கு."