வாபஸ் வாங்கிய கட்டுரை

“உன் கட்டுரைய எத்தனை பேரும்மா மேற்கோள் காட்டியிருக்காங்க?” என்று, பெண் பார்க்க வந்த அன்று சபேசனின் அம்மா தில்லைநாயகியிடம் கேட்டார். அந்த நாட்டில் மேற்கோள் அதிகமுள்ள ஆராய்ச்சியாளரின் குடும்பத்துக்குத்தான் மருத்துவமனையில் படுக்கை கிடைக்கும்.

இப்போது சிறுநீரகம் கெட்டு, மனைவியின் மேற்கோள்களால் கிடைத்த படுக்கையில் சபேசன் டயாலிசிஸில் இருந்தான்.

“அந்தக் கட்டுரை தப்புங்க” என்றாள் தில்லைநாயகி. “நுரையீரல் செல்லுன்னு நினைச்சு, கலந்துபோன வேற செல்ல ஆராய்ஞ்சிருக்கேன். அதை நம்பி நோயாளிங்களுக்கு மருந்து குடுக்கறாங்க. காலையில வாபஸ் வாங்கிட்டேன்.”

“அப்ப மேற்கோளெல்லாம்?”

“போச்சு.”

“அன்னைக்கே சொல்லியிருந்தா எங்கம்மா வேற இடம் பாத்திருப்பாங்க” என்றான். இருவரும் சிரிக்கவில்லை.

நர்ஸ் வந்து, மேற்கோள் இல்லாத குடும்பத்துக்குப் படுக்கை இல்லை என்று பாதியிலேயே இயந்திரத்தை நிறுத்தி ஊசியை எடுத்தாள். அடுத்த நோயாளிக்காகத் தில்லைநாயகி விரிப்பைச் சரிசெய்தாள். சபேசன் கையில் பஞ்சை அழுத்தியபடி வெளியே நடந்தான்.