வேற்று மொழியில் பேசினார்

அவன் பென்சில் நின்றது.

சட்டமன்றச் சுருக்கெழுத்தாளனாக இருபத்திரண்டு வருடச் சர்வீசில் அது நின்றதே இல்லை. அமைச்சர்கள் மூச்சுவிடாமல் கொட்டிய புள்ளிவிவரங்களுக்கு ஈடுகொடுத்திருக்கிறது. அவையில் மைக்குகளைப் பிடுங்கி எறிந்த நாளில்கூட ஓடிக்கொண்டுதான் இருந்தது.

கெம்பி பேசிக்கொண்டிருந்தார். பழங்குடியினருக்கென்று ஒதுக்கிய தொகுதி. அவருடைய இனத்திலிருந்து சட்டமன்றத்துக்கு வந்த முதல் ஆள். ரோடு வேண்டும் என்று இரண்டு நிமிடம் தமிழில் கேட்டார். அப்புறம் யாரிடமும் அனுமதி கேட்காமல் தன் மொழிக்குப் போய்விட்டார்.

எழுத்தே இல்லாத மொழி.

இதற்கென்று அவைக்குறிப்பில் ஒரு வரி தயாராக இருக்கிறது. ‘உறுப்பினர் வேற்று மொழியில் பேசினார்.’ அதை எழுதிவிட்டுச் சும்மா உட்காரலாம். யாரும் ஏன் என்று கேட்கப் போவதில்லை. அவர் சொன்னது காற்றோடு போகும்.

அவனுக்கு மனசு வரவில்லை.

சுருக்கெழுத்துக்கு ஒலி போதும். டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட்டில் முதல் நாள் சொல்லிக்கொடுத்தது அதைத்தான்.

பென்சில் ஓடியது.

ஒரு வார்த்தைகூடப் பிடிபடவில்லை. ஆனாலும் உடம்பு சிலிர்த்தது. இந்த மொழி காகிதத்தில் ஏறுவது இதுதான் முதல் தடவையாக இருக்கும். அதுவும் தன் கையால்.

அவனுடைய ஐந்து நிமிட முறை முடிந்து, அடுத்து எழுத வேண்டியவர் வந்து தோளைத் தொட்டார். அவன் எழுந்திருக்கவில்லை.

மாலையில், சரிபார்க்கிற சாக்கில் கெம்பியை வராந்தாவில் நிறுத்தினான். நோட்டை விரித்து, எழுதியதை அப்படியே வாசித்தான்.

கெம்பி சுவரில் கை ஊன்றிக்கொண்டார்.

“பூராவும் பேருங்க சார். ரோடு இல்லாம, ஆஸ்பத்திரிக்குத் தொட்டில் கட்டித் தூக்கிட்டு வர்றப்ப வழியிலயே போனவங்க. கடைசியா இருக்கறது என் தங்கச்சி. அவ பேரை மட்டும் இழுத்துக் கூப்பிடணும். அப்பத்தான் அவளுக்குக் கேக்கும்.”

வராந்தா முழுக்கக் கட்சிக்காரர்கள். போலீஸ்காரர்கள். டீத் தட்டோடு ஒருவர். அவனுக்குக் கூச்சமாகத்தான் இருந்தது.

தொண்டையைச் செருமிக்கொண்டான்.

எதிர் மலையில் நிற்கிற ஒருத்தியைக் கூப்பிடுவது போல, அந்தப் பெயரை இழுத்துக் கூப்பிட்டான்.

எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள்.

எதிர் மலையிலிருந்து பதில் வருவது போல, “ஓ” என்று தங்கச்சிக்காகக் குரல் கொடுத்தார் கெம்பி.

அதையும் அவன் எழுதிக்கொண்டான்.