முதலில் ஏக்கம்

மேசைக்கு அந்தப் பக்கம் சாய்ந்து உட்கார்ந்து அப்பா சொல்லச் சொல்ல, இந்தப் பக்கம் நான் அட்டையில் எழுதிக்கொண்டிருந்தேன்.

இன்றைய சொல் 'ஜிதாதி'. ஆதி ஸ்லாவிய மொழியில் காத்திருப்பதைச் சொல்லும் வினை. அந்த மொழியை யாரும் எழுதிவைக்கவில்லை. அதிலிருந்து பிறந்த மொழிகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்து, இப்படித்தான் இருந்திருக்கும் என்று கண்டுபிடிக்கிறார்கள். அப்பா தொகுக்கும் அகராதி முழுக்க அப்படிப்பட்ட சொற்கள்தான்.

"லிதுவேனிய மொழியில இதோட சொந்தக்காரச் சொல்லுக்கு ஏங்குறதுன்னு அர்த்தம். எழுதிக்கோ. முதல்ல ஏக்கம். காத்திருக்கிறதெல்லாம் அப்புறம் வந்தது."

எழுதிக்கொண்டேன்.

ஒன்பதாம் வகுப்பில் என்னை நிறுத்தியபோது, அப்பாவின் கண்புரை ஆபரேஷன் முடியும்வரைதான் என்றார்கள். முடிந்து ஏழு மாதம் ஆகிறது. இன்னும் எல்லாம் புகை மாதிரிதான் தெரிகிறது என்கிறார்.

அண்ணன் என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவதையே விட்டுவிட்டான். "ஏய் மூக்குக்கண்ணாடி, அப்பா தேடுறாரு பாரு!"

பள்ளியில் மறுபடி சேர இன்று நாலு மணி வரைதான் நேரம். விண்ணப்பத்தில் அப்பாவின் கையெழுத்து மட்டும் பாக்கி. காலையில் நீட்டினேன். கண் தெளியட்டும், போகலாம் என்றார்.

எழுதி முடித்த அட்டையை வாசித்துக் காட்டக் கையில் எடுக்கப் போனேன். இன்னும் வாய் திறக்கவில்லை.

"நட்சத்திரத்தை விட்டுட்ட பாரு," என்றார் அப்பா.

யாரும் எழுத்தில் பார்த்திராத சொல்லுக்கு முன்னால் ஒரு நட்சத்திரக் குறி போட வேண்டும். கடுகளவுதான் இருக்கும்.

சொன்ன பிறகுதான் அவருக்கே உறைத்தது. கண்ணை இடுக்கிக்கொண்டு, தண்ணீர்த் தம்ளரைத் தேடி மேசையைத் தடவினார். தம்ளர் அவர் கைக்கு நேராகத்தான் இருந்தது.

எடுத்துக் கொடுத்தேன்.

இதுவரை எத்தனையோ நூறு அட்டை எழுதியிருக்கிறேன். நட்சத்திரத்தை ஒரு தடவைகூட மறந்ததில்லை.

இன்றும் மறக்கவில்லை. வேண்டுமென்றேதான் விட்டேன்.

அவர் கண்ணில் அது பட்டுவிடக் கூடாதே என்று மனசுக்குள் கும்பிட்டுக்கொண்டுதான் விட்டேன்.