ஊதாத விசில்

குளக்கரை மைதானத்தில் கொக்குதான் நடுவர். ஆட்டம் முடியப்போகிற நேரம்; இரண்டு அணியும் இன்னும் ஒரு கோல்கூடப் போடவில்லை. பந்தோடு பாய்ந்துவந்த முயலின் காலைக் கீரி வேண்டுமென்றே தட்டிவிட்டது.

"ஃபவுல்! விசில் ஊதுங்க சார்!" என்று தரையில் கிடந்த முயல் அலறியது.

விசில் கொக்கின் அலகு வரை வந்துவிட்டது. அதற்குள் பந்து உருண்டுபோய் முயலின் அணியிலிருந்த அணிலிடம் சேர்ந்ததைக் கொக்கு பார்த்தது. இப்போது ஊதினால் ஆட்டம் நின்றுவிடும். கீரியின் ஆட்கள் ஓடிவந்து கோலை அடைத்துக்கொள்வார்கள். தப்பு செய்த கீரிக்கே அது லாபம். கொக்கு விசிலை விட்டுவிட்டு, சிறகுகளை முன்னால் நீட்டி, "ஆடுங்க, ஆடுங்க!" என்றது.

"கீரிகிட்ட எத்தனை மீன் வாங்கினே?" என்று கரையிலிருந்த முயல்கள் கத்தின. அணில் கோட்டைவிட்டால் பழியெல்லாம் கொக்கின் தலையில்தான்.

அணில் ஓங்கி உதைத்தது. பந்து வலைக்குள் விழுந்தது. அதன்பிறகே கொக்கு கீரியைக் கூப்பிட்டு மஞ்சள் அட்டையைக் காட்டியது.

ஆட்டம் முடிந்ததும் முயல் நொண்டிக்கொண்டே வந்தது. "நான் கேட்டபடி நீங்க ஊதியிருந்தா நாங்க ஜெயிச்சிருக்க மாட்டோம் சார். ரொம்ப நன்றி."

ஏச்சு வாங்கியே பழகிய கொக்கு நீண்ட கழுத்தை வளைத்துக் குனிந்து, "காலைக் காட்டுப்பா, வீங்கியிருக்கா?" என்று கேட்டது.