இரண்டாவது கரண்டி

விடிந்து எல்லாப் படகுகளும் கரையேறிவிட்டன. மதியழகனுடையது மட்டும் வரவில்லை. அவன் மனைவி வேம்பு ரவையையும் அரிசி மாவையும் மோர் விட்டுக் கரைத்து, வெங்காயம் அரிந்து போட்டு, அடுப்பில் தோசைக்கல்லை வைத்தாள். கடலிலிருந்து வந்ததும் அவன் கேட்பது அதைத்தான். முதல் கரண்டி மாவு விழுந்து சொய்யென்றது. கூடத்தில் கூடியிருந்த பெண்கள் பேச்சை நிறுத்தினார்கள். சாவு விழுந்த வீட்டில் தோசைக்கல் வைக்கும் வழக்கமில்லை.

"எம்புள்ள கடல்ல கெடக்கான், ஒனக்குத் தோசை கேக்குதாடி? கல்ல எறக்கு," என்றாள் மாமியார்.

"அவருக்குத்தான் சுடுறேன், அத்தை."

ஓரம் சிவந்த தோசையை எடுத்துத் தட்டில் வைத்து மூடினாள். வாசலில் கொழுந்தனின் போன் அடித்தது. அவன் காதில் வைத்துக் கேட்டான். பிறகு உள்ளே வந்து அடுக்களை நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றான். வேம்பு திரும்பிப் பார்க்கவில்லை. மாவு நிறைந்த கரண்டி கல்லுக்கு மேலே நின்றது. கல் புகைந்தது.

"சொல்லுங்க தம்பி. இன்னொண்ணு ஊத்தவா, கல்ல எறக்கவா?"