எட்டுக் கேள்விக்குறிகள்

வெள்ளத்தில் மீட்கப்பட்டவர்களின் பெயர்களைத் தமிழில்தான் பதிந்தார்கள். டேட்டாபேஸைத் தமிழ் ஏற்கும்படி அமைக்காததால் எழுத்தெல்லாம் கேள்விக்குறிகளாகச் சேமிக்கப்பட்டிருந்தன. அவர்களைச் சேர்த்த இடம் மட்டும் ஆங்கிலத்தில் இருந்தது.

"திரும்பப் பேரா மாத்த முடியாதும்மா," என்றான் பதிவைச் சரிபார்க்க வந்த சேந்தன்.

மகளைத் தேடி வந்திருந்த பூங்காவனம், "செண்பகம். அஞ்சே எழுத்துதான் தம்பி," என்றாள்.

"கொம்புக்கும் புள்ளிக்கும் தனித்தனியா ஒரு கேள்விக்குறி விழும். அப்போ எட்டு."

தேடினான். எட்டுக் கேள்விக்குறிகளோடு இரண்டு வரிகள் வந்தன. மெதுவாக வாசித்தான்.

"மேல இருக்கறது பள்ளிக்கூட முகாம். கீழ... பிணவறை."

அவள் அழவில்லை. மேல் வரியின் முதல் கேள்விக்குறியில் விரலை வைத்தாள்.

"இதான் எம்பொண்ணு. அவ கொம்ப இப்படித்தான் சுழிப்பா."